வாய்மை வழுவாத திவான்

மைசூரு நகரிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், காவிரியாற்றின் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணை அமைந்துள்ளது. அதன் ஆக்கத்திற்குப் பெரிதும் உழைத்த பொறியாளர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா ஆவார்.

அவர் 1861ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பிற மாணவர்க்குப் பாடம் கற்பித்துப் பெற்ற ஊதியத்தைக் கொண்டு பெங்களூருவில் கல்வி பயின்றார். பின்னர்ப் புனேவில் பொறியியல் கற்று, 1884இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். 1909இல் மைசூரு அரசின் தலைமைப் பொறியாளரானார்.

1912இல் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரைத் திவானாக அமர்த்த விரும்பினார். திவான் பதவி இன்றைய முதலமைச்சர் பதவிக்கு இணையானது. அதனை ஏற்கும் முன் விசுவேசுவரய்யா தம் உறவினரை ஒன்றுகூட்டினார். தம்மிடம் வேலையோ சலுகையோ எவரும் கேட்கலாகாது என்றும், அதற்கு அனைவரும் உடன்பட்டால்தான் பதவியை ஏற்கமுடியும் என்றும் கூறினார். உறவினர் உடன்பட்டனர். அதன்பின்னரே அவர் பதவியேற்றார். அவர் திவானாக இருந்தபோதுதான், 1916இல், மைசூருப் பல்கலைக்கழகம் தோன்றியது.

அரசுப் பணிகளில் பின்தங்கிய வகுப்பினருக்கு உரிய இடம் வழங்கவேண்டும் என மன்னர் கருதினார். தகுதி ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும் எனத் திவான் கருதினார். கல்வி வாய்ப்பே கிட்டாதவர்க்கு வழி திறந்த மன்னரின் கொள்கையைப் பின்னாளில் நாடும் ஏற்றுக்கொண்டது. எனினும், தம் மனம் ஒப்பாத ஒன்றை ஒப்பியதுபோல் காட்டிக்கொண்டு பதவியில் நீடிக்க விசுவேசுவரய்யா விரும்பவில்லை. 1918இல் அவர் பதவி விலகினார். விலகல் கடிதம் அளிக்க அரசு வாகனத்தில் அரண்மனைக்குச் சென்றவர், திரும்புகையில் தம் சொந்த வாகனத்தில் வந்தார் என்பர்.

பின்னர்ப் பத்திராவதி இரும்பு ஆலையைச் சீர்செய்யும் பொறுப்பு அவரிடம் அளிக்கப்பட்டது. அப்பணிக்காகத் தமக்குரிய தொகையைத் தாம் பெற்றுக்கொள்ளாமல், பெங்களூருவில் ஒரு தொழிற்கல்வி நிலையம் அமைக்க வழங்கினார். அந்நிலையத்திற்குத் தம் பெயரைச் சூட்டவும் அவர் இசையவில்லை. அது ஜயசாமராஜேந்திரரின் பெயரைப் பெற்றது.

1955இல் அவருக்குப் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது. விருது பெறுவதனால் அரசைப் புகழவேண்டிய கடப்பாடு தமக்கு உண்டாகுமெனில் அதனை ஏற்க இயலாது என்று அவர் பிரதமர் நேருவுக்கு எழுதினார். அத்தகைய கட்டுப்பாடு ஏதுமில்லை என்று நேரு விடையளித்த பின்னரே விருதை ஏற்றார்.

நூறாண்டு வாழ்ந்த அப்பெருமகனார் 1962இல் மறைந்தார். அவர் பிறந்த நாளைப் பொறியாளர் நாளாக நாம் கொண்டாடுகிறோம். உறவின் அன்பும், பொருளும், புகழும் அவரை நாடி வந்தன. அவற்றுள் ஒன்றற்காகவும் அவர் தம் மனம் அறிந்த உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை.