செம்பியன் மாதேவியார் திருத்தொண்டு

சைவ நன்னெறியில் நிற்பார்க்குத் திருக்கோயிலென்பது கல்லுஞ் சுதையுங் கூடிய கட்டடமாத்திரம் அன்று. மலநீங்கிய மெய்யடியாரது திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே கண்டு வழிபடுமாறு சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதித்து முடித்தலை நம் அன்பர்கள் நன்கறிவர். மெய்கண்டதேவர் அந்நூலருளிச் செய்தற்கு இருநூறாண்டுகளுக்கும் முன்னரே, அதன் கருத்தைத் தம் வாழ்க்கையால் விளக்கி நின்ற பேரரசியார் ஒருவர் சோழநாட்டில் இருந்தனர். அவர்தாம் செம்பியன் மாதேவியார். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகை பாடிய காலத்திற்குப் பிற்பட்டவராதலின், அவ்வம்மையாரை அத்தொகையுட் காண்டற்கில்லை. அவர் வரலாறு ஏட்டிலன்றிக் கல்லிலேயே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அக்கல்லெழுத்துக்களைத் துணையாகக்கொண்டு அவரது நெடிய வாழ்வை யாம் ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

அம்மையார் மழவரையர் குடியிற் பிறந்தவர். முதற் பராந்தக சோழரின் மைந்தராகிய கண்டராதித்தரை மணந்தவர். பராந்தகர் ஆட்சியிலேயே, கி. பி. 941-ஆம் ஆண்டளவில், உய்யக்கொண்டான் திருமலை என இன்று வழங்கும் திருக்கற்குடியில் இவர் விளக்கறம் ஒன்று வைத்தமை கல்வெட்டாற் பெறப்படுகின்றது. இவரது கொடைகளுள் நாம் அறிவனவற்றில் முற்பட்டது இதுவே. தக்கோலப் போரில் 949-இல் மூத்தவராகிய இராசாதித்தர் வீழ்ந்தமையின், அரசுரிமை கண்டராதித்தரைச் சார்ந்தது. அவர் போர்வேட்கை மிக்கவரல்லர். சிவபத்தியில் மூழ்கிய செல்வர். தில்லைக் கூத்தப்பெருமான்மீது அவர் பாடிய திருவிசைப்பா ஒன்பதாந் திருமுறையிற் சேர்ந்து நிலவுகின்றது. இத்தகைய கணவருடன் கூடி வாழ்ந்தமையால் அம்மையாரது சிவநேயம் நாளுக்குநாள் முதிர்ந்தது என்றல் மிகையாகாது.

கி. பி. 957-ஆம் ஆண்டளவில் கண்டராதித்தர் சிவபதம் எய்தினார். அப்பொழுது அவர்தம் மைந்தர் மதுராந்தகர் இளங்குழவி. ஆதலின் ஆட்சி அரிஞ்சயரிடத்தும், பின் அவர் மகனார் சுந்தர சோழரிடத்தும் சென்றது. அக்காலத்து அரசமகளிருட் சிலர் கணவரோடு எரிபுகுதலும் உண்டு. சுந்தர சோழர் இறந்தபொழுது, முதல் இராசராசரை ஈன்ற வானவன் மாதேவியார் குழவியையும் பிரிந்து தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு உரைக்கின்றது. அதனைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. செம்பியன் மாதேவியார் மேற்கொண்டது வேறொரு வழி என்பதே நாம் குறிக்க வந்தது. மைந்தரை வளர்த்தலையும் மகேசுரனுக்குப் பணிசெய்தலையும் அவர் கடனாகக் கொண்டார். கைம்மைக் காலமாகிய நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்ட காலம் முழுதையும் திருத்தொண்டின் காலமாக ஆக்கிக்கொண்டார்.

அவ்வாண்டுகள் அமைதியுடையன அல்ல. சுந்தர சோழரின் மூத்த மைந்தர் ஆதித்த கரிகாலர் 969-ஆம் ஆண்டளவில் வஞ்சகராற் கொலையுண்டனர். பின்னர் மதுராந்தகரே உத்தம சோழரெனப் பெயர்பெற்று அரியணையேறினார். 985-இல் அரசுரிமை முதல் இராசராசரை அடைந்தது. இவ்வாறு அரசு ஒரு கிளையினின்று மற்றொரு கிளைக்கு மாறிமாறிச் சென்றும், அம்மையார்பால் மன்னர் வைத்த மதிப்பு ஒருகாலத்துங் குறைந்திலது. பராந்தகர் முதல் இராசராசர் ஈறாக அறுவர் ஆட்சியைக் கண்டவர் அவர். மைந்தருக்குப் பின்னும் பதினைந்தாண்டுகளுக்கு மேலாக உயிர்வாழ்ந்து, புத்திரசோகத்தையும் பொறுத்துக்கொண்டு பணியை விடாது நடத்தினார்.

இனி, அவர் பணி யாதெனக் காண்போம். மூவர் முதலிகள் பாடிய காலத்துத் திருக்கோயில்களுட் பல செங்கல்லால் ஆயவை. மழையாலும் வெள்ளத்தாலும் அவை சிதைவுறுவன. காவிரிப் படுகையிலோ கட்டடத்துக்குரிய கருங்கல் கிடைப்பதில்லை. தொலைவிலிருந்து கொணர்தல் வேண்டும். பொருளும் ஆளும் காலமும் மிக வேண்டும் அவ்வருஞ்செயலை அம்மையார் மேற்கொண்டு, திருநல்லம், திருக்கோடிகா, தென்குரங்காடுதுறை, திருத்துருத்தி, திருவாரூர் அரநெறி, திருமுதுகுன்றம் முதலிய பதிகளிலே கற்றளிகள் எடுப்பித்தார். திருநெறிய தமிழ் பெற்ற தலங்களையே பெரிதுந் தெரிந்தெடுத்தமை கருதற்பாலது. நம்பியாண்டார் நம்பிகள் திருமுறைகளைத் தொகுத்தருளுதற்கு முன்னரே, பாடல்பெற்ற பதிகளைக் கல்லால் நிலைபெறுத்தியவர் இவர்.

கோனேரிராசபுரம் என இன்று வழங்கும் திருநல்லத்துத் திருக்கற்றளியை அவர் தம் பெயரால் அமைத்திலர். தம் கணவராகிய கண்டராதித்ததேவர் திருநாமத்தால் எடுப்பித்தார். கண்டராதித்தர் சிவலிங்கப் பெருமானை வழிபடுமாறு செதுக்கிய சிற்பமும் அதனைக் குறிக்கும் எழுத்தும் அக்கோயிலில் உள்ளன. அம்மட்டோ? அம்மையார் ஏவலால் அக்கோயிலைக் கட்டிய ஆலத்தூர்ச் சாத்தன் குணபத்தன் என்பாரது உருவமும் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. பொருள் கொடுத்தவர் தம்மைப் பின்னிறுத்தி, கணவரையும் பணிசெய்தவரையும் முன்னிறுத்திய இச்செயல், யான் எனதென்னுஞ் செருக்கற்ற சிவபுண்ணியத்துக்குத் தக்க சான்றாம். தன்முனைப்போடு செய்யும் அறம் பசுபுண்ணியமாய் நின்றொழியும் என்பது நம் ஆசிரியர் துணிபன்றோ?

தில்லைக்கூத்தனைப் பாடிய கணவரது உள்ளம் இவ்வம்மையாரது கோயில்களில் வேறொரு வடிவிற் புலப்படுகின்றது. அவர் எடுப்பித்த கற்றளிகளின் புறச்சுவரிலே தேவகோட்டங்களின் தொகை பெருகியது. அவற்றுள் ஆடவல்லான் திருவுருவம் தனக்கெனத் தென்புறத்தில் ஓரிடம் பெற்றது. கணவர் சொல்லாற் போற்றிய ஐந்தொழில் நடனத்தை மனைவியார் கல்லிற் காட்டினார். வலம்வருவார் யாவரும், எழுத்தறியாதாரும், அதனைக் கண்டு தொழுமாறு செய்தார்.

இவற்றினும் சிறந்ததாக நாம் கருதுவது ஒன்றுண்டு. அதனை அறிதற்குக் கல்வெட்டின் பயனை முதற்கண் உணர்தல் வேண்டும். நந்தாவிளக்கு ஒன்று எரிதற்குப் பெரும்பாலும் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் விடப்படும். அவற்றை ஏற்ற இடையர் நாடோறும் நெய் அளத்தற்குக் கடமைப்படுவர். இறப்பனவும் மூப்பனவும் பிறப்பனவற்றால் ஈடுசெய்யப்படும் ஆதலின், அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்றனர். நிலமோ பொன்னோ விட்டவிடத்து ஊர்ச்சபையார் அதன் வட்டிக்கும் விளைவுக்கும் பொறுப்பேற்பர். இவையனைத்துக்கும் ஆவணம் கோயிற் கல்லில் வெட்டிய எழுத்தே. அவ்வெழுத்து அழியின் அறமும் அழியும். என்றோ ஓர் ஏழை மடந்தை வைத்த விளக்கும் அவியும்.

பழங்கோயிலை இடித்துப் புதுக்குவார்க்கு வரும் இடர்ப்பாடு இங்கே தோன்றும். புதுக்காவிடிற் கோயில் சிதையும். புதுக்கினாற் பழையோர் வைத்த அறங்களின் சான்று சிதையும். காவிரியின் வடகரையிலுள்ள திருக்கோடிகாவில் அம்மையார் இவ்விடர்ப்பாட்டை நேரே எதிர்கொண்டார். அங்கே பல்லவர், பாண்டியர், முன்னைச் சோழர் காலத்துச் சாசனங்கள் பழங்கற்களிற் சிதறிக் கிடந்தன. கற்றளி எடுத்தபொழுது அவற்றைப் படியெடுப்பித்து, புதுச்சுவர்களிலே மீட்டும் வெட்டுவித்தார். அவை பழங்கல்லினின்றும் எடுத்த படி என்னுங் குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டது. அதனால் படிக்கும் மூலத்துக்குமுள்ள வேறுபாடும் மறைக்கப்பட்டிலது. சோழர்க்குப் பகைவராயிருந்த குலத்தாரது ஆட்சியாண்டுகளை அழித்துவிட்டுத் தம் குலத்தார் புகழை மட்டும் எழுதுதல் அவருக்கு மிக எளிதாயிருந்திருக்கும். அதனை அவர் செய்திலர். பகைவர் நாட்டிற் பிறந்த அறமும் பரமன் திருமுன் வைத்த பின் பரமனுடைமையே என அவர் உணர்ந்தார்போலும். பிறர் வைத்த அறத்தைக் காத்தலே தாம் வைக்கும் அறத்தினும் பெரிதென்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுங்கொல்?

இத்தகைய அன்பு அவர் சுற்றத்தாரிடத்தும் பரவியது. நாகப்பட்டினத்துக்கு அணித்தே அம்மையார் பெயரால் அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊரிலே கைலாசநாதர் திருக்கோயில் உளது. அவர் பிறந்த நாளாகிய சித்திரைத் திங்கட் கேட்டையன்று அங்கே சிறப்பு வழிபாடு நடத்தற்கு உத்தம சோழரின் தேவியர் நிவந்தம் அளித்தனர். மாமியாரது பிறந்தநாளை மருமகளிர் கூடி அறநாளாக்கிய செயல் எக்காலத்துக்கும் இனியதாம். அவர்தம் பெயரர் மதுராந்தகன் கண்டராதித்தரும் இராசராசர் ஆட்சியிலே கோயிற் காரியங்களை ஆராயும் அதிகாரியாய் அமர்ந்து, கடமை தவறினாரைத் தண்டித்தனர். அரியணை தந்தையிடமிருந்து அவருக்கு வந்திலது. பாட்டியாரிடமிருந்து கோயிற்றொண்டு வந்தது.

அம்மையாரது நெடும்பணி கி. பி. 1001-ஆம் ஆண்டளவும் நிகழ்ந்தது. திருவக்கரையில் அவர் எடுப்பித்த கற்றளியே அவரது இறுதித் திருப்பணிகளுள் ஒன்று. 941 தொடங்கிக் கணக்கிடின் அறுபதாண்டுத் தொண்டு ஆகின்றது. எண்பதை அணுகிய அகவையிலும் கல்லுஞ் சாந்துமாக அவர் உள்ளம் இறைவன் கோயிலிலேயே நிலைத்திருந்தது. அவர் சிவனடி சேர்ந்தபின், முதல் இராசேந்திரர் 1019-ஆம் ஆண்டில் செம்பியன் மாதேவியூர்க் கோயிலில் அவர் திருவுருவை எழுந்தருளுவித்து வழிபாட்டுக்கும் வகைசெய்தார்.

அமெரிக்க நாட்டு வாசிங்டன் நகரில் உள்ள பிரீர் காட்சிசாலையில் 1929-இல் விலைக்கு வாங்கி வைத்த செப்புத்திருமேனி ஒன்று உளது. அஃது இவ்வம்மையாரது உருவமென்பர் சிலர். இறைவியின் உருவமேயென்பர் வேறு சிலர். வழக்கு இன்னும் முடிந்திலது. அத்திருமேனியில் எழுத்தில்லை; நின்ற இடத்தினின்றும் அது பெயர்ந்துவிட்டது. எழுத்தும் இடமும் இழந்த பொருள் தன் பெயரைத் தானே சொல்லமாட்டாது. திருக்கோடிகாச் சுவரோ ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் ஊரும் பேரும் அளவும் பிறழாது உரைத்துக்கொண்டு நிற்கின்றது. பழையோர் எழுத்தைப் பேணிய அம்மையாரது அறிவின் அருமை இவ்விரண்டினையும் ஒப்பிட்டு நோக்குவார்க்கு நன்கு விளங்கும்.

திருப்பணி செய்யும் செல்வர்களுக்கும் ஆதீன நிருவாகிகளுக்கும் யாம் பணிவுடன் விண்ணப்பிப்பது இதுவே. குடமுழுக்கை முன்னிட்டுப் பழஞ்சுவரை அகற்றிய இடங்களிலும், எழுத்தின்மேற் சுண்ணமும் வண்ணமும் பூசிய இடங்களிலும், அண்மைக் காலத்தே மணல் வீச்சினால் கல்லின் முகத்தைத் தேய்த்த இடங்களிலும், எத்துணையோ சாசனங்கள் மறைந்தொழிந்தன. செய்தவர் தீயவரல்லர், அன்பினாற் செய்தவரே. ஆயினும் அன்போடு அறிவுங் கூடவேண்டும் என்பதற்குச் செம்பியன் மாதேவியார் வாழ்வே இலக்கணம். கல் பெயர்க்குமுன் படியெடுத்தல், பெயர்த்த கல்லை அவ்விடத்திலேயே வைத்தல், உபயகாரர் பலகையிற் பழைய கொடையாளர் பெயரையும் எழுதுதல் ஆகிய இவை பெரும்பொருட் செலவுடையன அல்ல. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னே ஓர் அரசியார் செய்துகாட்டியவற்றை, கருவிகள் பல பெற்ற நாம் செய்யாதொழிதல் முறையாமோ?

சரியையாவது கோயிலை மெழுகுதலும் விளக்கிடுதலும் என்பர். முன்னையோர் ஏற்றிய விளக்கு அவியாது காத்தலும் அதன்கண் அடங்கும். அவ்விளக்கைத் தம் கையாற் பொதிந்து காத்து நமக்களித்த அம்மையாரது திருப்பெயர் சைவவுலகில் என்றும் நின்று நிலவுவதாக.

திருச்சிற்றம்பலம்.