சாள்ஸ் டார்வினும் தேவாலயமும்

ஒருவர் ஆலயத்துக்குச் செல்வதற்கும் செல்லாதொழிவதற்கும் காரணங்கள் பலவாம். வழக்கம் பற்றிச் செல்வார் சிலர். உத்தியோகம் பற்றிச் செல்வார் சிலர். சோம்பலினாற் செல்லாதார் சிலர். மனச்சாட்சி பற்றிச் செல்வாரும் அதுபற்றியே செல்லாதொழிவாரும் மிகச் சிலரே. இப்பிற்கூறிய இருதிறத்தாரும் ஓரில்லத்திற் கணவனும் மனைவியுமாய் 43 ஆண்டு அன்பிற் குறைவின்றி வாழ்ந்தனர் எனின், அவர் சரித்திரம் பிள்ளைகளுக்கு அறிவூட்டும் நம்மனோர்க்கு அறியத்தக்கதேயாம். அவ்விருவர் இயற்கை நூற் பேரறிஞராகிய சாள்ஸ் டார்வினும் அவர் மனைவியார் எம்மாவும் ஆவர்.

டார்வின் 1809-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 12-ஆந் திகதி இங்கிலாந்திலே ஷ்ரூஸ்பரி நகரிற் பிறந்தார். தந்தையார் றொபேட் டார்வின் பெயர்பெற்ற வைத்தியர். உள்ளத்திற் சமய நம்பிக்கை இல்லாதவர். தாயார் சுசன்னாவோ திரித்துவக் கொள்கையை உடன்படாத யூனிற்றேரியன் சபையைச் சார்ந்தவர். பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்தது இங்கிலாந்துத் திருச்சபையிலே. தாயார் அவரை அழைத்துச் சென்றது தமது சபையின் ஆலயத்துக்கே. அத்தாயாரும் 1817-ஆம் ஆண்டில் இறந்தனர். அப்பொழுது சாள்ஸ் எட்டு வயதுச் சிறுவர்.

வைத்தியம் கற்குமாறு எடின்பரோ நகருக்கு அனுப்பப்பட்டவர், மயக்கமருந்து வழங்காத அக்காலத்துச் சத்திரசிகிச்சையைக் கண்ணாற் காணப் பொறாது அக்கல்வியைக் கைவிட்டார். பின்னர்த் தந்தையார் அவரைத் திருச்சபைக் குருவாக்க எண்ணினார். பிள்ளை உடனே இசைந்திலர். தாம் நம்பாதவற்றை நம்புவதாகச் சொல்லல் தகுமோ என்று அஞ்சி, ஆலோசிக்கச் சிறிது காலம் கேட்டார். விசுவாசப்பிரமாணத்துக்குப் பியர்சன் என்பார் செய்த விரிவுரையையும் வேறு சில நூல்களையும் படித்து, ஐயம் நீங்கிய பின்னரே 1828-இற் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் புகுந்தார். இளமையிலேயே அவர் இயல்பு இதுவாயிற்று.

1831-ஆம் ஆண்டு டிசம்பரில் பீகிள் என்னும் கப்பலேறி, உலகைச் சுற்றி 1836-ஆம் ஆண்டு ஒக்டோபரில் மீண்டார். கப்பலிலே அவர் வைதிகக் கொள்கை உடையவராகவே இருந்தார். ஒழுக்கம் பற்றிய வாதங்களில் வேதாகமத்தையே பிரமாணமாக அவர் காட்டக் கேட்டு, உடனிருந்த அதிகாரிகள் சிலர் நகைத்ததும் உண்டு. ஊர் திரும்பிய பின் இரண்டாண்டு சமய விஷயங்களை ஆழச் சிந்தித்தார். நம்பிக்கை ஒருநாளிற் சரிந்து வீழ்ந்ததன்று. உணரப்படாத மெதுவாய், வருத்தமும் தோன்றாதபடி, சிறிது சிறிதாகத் தேய்ந்தது.

1839-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆந் திகதி தம் மாமன் மகளாகிய எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். மணத்துக்கு முன்னே தந்தையார் மகனுக்கு ஒரு புத்தி கூறினார்: சமய ஐயங்களை மனைவியிடம் மறைத்தல் நலம், வெளிப்படுத்தியதனாற் பெருந்துன்பமுற்ற குடும்பங்களைத் தாம் கண்டதுண்டு என்பது. வைத்தியர் உலகியல் நன்கு அறிந்தவர். ஆயினும் மகனார் அப்புத்தியைக் கொண்டிலர். தம் ஐயங்களை எம்மாவுக்கு உரைத்துவிட்டார். மணமான சின்னாட்களில் அம்மையார் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நிரூபிக்கப்படாத எதனையும் நம்பாமை சாஸ்திர ஆராய்ச்சியின் வழக்கம். அவ்வழக்கம், அவ்வாறு நிரூபிக்க இயலாத மேலான பொருள்களிலும் அவர் மனத்தைக் கட்டுமோ என்ற அச்சத்தையும், மறுமையில் ஒருவர்க்கொருவர் உரியவர் ஆகாது போவோமோ என்ற துயரத்தையும் அதில் வெளியிட்டார். வாதம் செய்யவில்லை, விடை வேண்டவுமில்லை. டார்வின் அக்கடிதத்தை வாழ்நாள் முழுதும் பேணிவைத்தார். தாம் அதனைப் பலமுறை முத்தமிட்டு அழுததைத் தம் மரணத்தின் பின் மனைவி அறியும்படி அதன் அடியிற் குறித்தும் வைத்தார்.

1842-இற் குடும்பம் கெண்ட் மாகாணத்து டௌன் கிராமத்திற் குடியேறிற்று. 1848-ஆம் ஆண்டு நவம்பரிற் தந்தையார் இறந்தார். நம்பாதவர் நித்திய நரகத்துக்கு உரியர் என்னும் போதனை மெய்யாயின், தம் தந்தையாரும் தமையனாரும் உற்ற நண்பருட் பெரும்பாலாரும் அத்தண்டனைக்கு ஆளாவர். அத்தகைய போதனை வெறுக்கத்தக்கதென்றே டார்வின் பிற்காலத்தில் எழுதிவைத்தார். ஏறக்குறைய 1849-ஆம் ஆண்டு முதல், ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி மக்கள் தேவாலயத்திலிருக்க, அவர் தனியே உலாவுவது வழக்கமாயிற்று. 1851-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆந் திகதி பத்து வயது மகள் ஆனி, மால்வேர்ன் என்னும் ஊரிலே நோயால் இறந்தாள். கர்ப்பவதியாகிய தாயார் பயணஞ் செய்ய இயலாது வீட்டிலிருக்க, தந்தையாரே படுக்கையருகிற் காத்திருந்தார். இத்துக்கமே அவரைத் தேவாலயத்தினின்று பிரித்தது எனச் சிலர் கூறுவர். உலாவும் வழக்கம் அதற்கு முன்னரே தொடங்கினமையால் அஃது ஒன்றே காரணமாகாது. முன்னமே தேய்ந்த நம்பிக்கையை அத்துக்கம் முற்றும் அறுத்ததென்பதே பொருந்தும்.

இனி அம்மையார் செய்கையையும் நோக்குக. அவர் பிள்ளைகளைத் திருச்சபை ஆலயத்துக்கே அழைத்துச் சென்றார், வேதாகமமும் கற்பித்தார். ஆயினும் தாம் யூனிற்றேரியன் கொள்கையுடையவர் ஆதலால், விசுவாசப்பிரமாணம் சொல்லுங்காற் சபையார் பலிபீடத்தை நோக்கித் திரும்ப, அவரும் பிள்ளைகளும் திரும்பாது நேரே நோக்கி நின்றனர். உள்ளே நின்ற மனைவியும் வெளியே நடந்த கணவனும் ஒருவாற்றான் ஒரே நெறியினர் ஆயினர். உள்ளம் உடன்படாத ஒன்றை உடம்பாற் காட்டாமையே அந்நெறி.

தேவாலயத்துக்குச் செல்லாதவர் ஊரைத் துறந்தவரல்லர். குருவாகிய இன்னெஸ் பாதிரியார் அவருக்கு நெடுங்கால நண்பர். கொள்கையில் இருவரும் ஒவ்வாதிருந்தும் நட்புக் குன்றவில்லை. ஏழைகளுக்கு நிலக்கரியும் உடையும் உதவும் சங்கத்தின் கணக்கை டார்வின் ஏற்று நடத்தினார். கிராமத் தொழிலாளரின் உதவிச் சங்கத்துக்கு 30 ஆண்டளவு பொருளாளராயிருந்தார். தென்னமெரிக்க முனையிலே மிஷன் செய்த நன்மையைக் கேட்டறிந்து, அந்த மிஷனுக்கும் பணம் உதவினார். 1871-இல் வந்த பிண்டன் என்னும் குருவோடு மட்டும் மனத்தாங்கல் உண்டாயிற்று. அதற்கும் காரணம் தேவாலயம் அன்று, பாடசாலை. மாரிக்கால இரவுகளிற் கூலியாட்கள் பத்திரிகை படிக்கப் பாடசாலை அறையைத் திறந்துவிட வேண்டுமென்று டார்வின் குடும்பத்தார் முயல, குருவானவர் அதனைத் தடுத்தார்.

1859-இல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் என்னும் நூல் உலகெங்கும் வாதத்தை எழுப்பிற்று. அப்போதும் அவர் சமயத்தைத் தாக்கி எழுதினாரல்லர். 1880-ஆம் ஆண்டில் எட்வேட் ஏவ்லிங் என்னும் நாத்திகர் தம் நூலை அவர்க்கு உரிமையாக்க இசைவு கேட்டபோது மறுத்தார். அறிவொளி பரவ மனிதர் கருத்துத் தானே மெல்ல விடுதலையுறும் என்பதும், நேரே தாக்குதல் தம் குடும்பத்தார் சிலரை நோவிக்கும் என்பதும் அவர் கூறிய காரணங்கள். தம்மைக் கடவுள் இல்லையென்பார் வரிசையில் வைக்கவும் இசைந்திலர். உண்டென்றோ இல்லையென்றோ துணியமாட்டாதார்க்கு வழங்கும் அக்னொஸ்டிக் என்னும் பெயரே தமக்குப் பொருந்துமென்றார்.

1882-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆந் திகதி மனைவி மக்கள் அருகிருக்க உயிர்நீத்தார். கிராமத் தேவாலய மயானத்திலே அடக்கஞ் செய்யவே குடும்பத்தார் எண்ணியிருந்தனர். அறிஞர் பலர் வேண்டிக்கொள்ள, 26-ஆந் திகதி லண்டன் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தின் உள்ளேயே அவருடல் வைக்கப்பட்டது. அவர் எழுதிய சுயசரிதம் 1887-இல் அச்சேறியபோது, சமயம் பற்றிய கடுமொழிகள் எம்மா அம்மையார்க்கு நோவு தந்தமையால் விலக்கப்பட்டன. 1958-ஆம் ஆண்டிலே பேத்தியார் நோறா பார்லோ அவற்றை மீளச் சேர்த்துப் பதிப்பித்தார். இடையே 1915-ஆம் ஆண்டில், டார்வின் மரணகாலத்தில் மனந்திரும்பி வேதாகமத்தைப் போற்றினார் என்றொரு கதை அமெரிக்கப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. மரணப்படுக்கையருகே தாம் இருந்ததாகவும் கதை பொய்யென்றும் மகளார் ஹென்றியெற்றா 1922-இல் மறுத்துரைத்தார். ஆயினும் அக்கதையைக் கூறுவார் இன்றும் உளர்.

அக்கதையைப் பரப்புவார், டார்வினை ஆலயத்துள்ளே சேர்த்தலையே அவருக்குச் செய்யும் உபகாரமெனக் கருதினர் போலும். மெய்யான உபகாரம் செய்தவர் எம்மா அம்மையாரே. தம் நெஞ்சம் நொந்தும் கணவரைப் பொய்யாக நடிக்கும்படி அவர் வேண்டவில்லை. கணவரும் அவரை ஆலயத்தினின்று தடுக்கவில்லை. நம் மாணவருள்ளும், பெற்றோர் இருவர் கொள்கையும் வேறுபட்ட வீடுகளிலிருந்து வருவார் உளர். ஆலயத்திற் காணப்பட்டானா இல்லையா என்று ஒரு பிள்ளையை வினவுமுன், இவ்விருவர் சரித்திரத்தையும் ஆசிரியர் சிறிது எண்ணிப் பார்ப்பாராக.