வான் நியூமன் படித்த படிப்பு

கணிப்பொறியால் விஞ்ஞானக் கணக்குகளைத் தீர்க்கும் தொழிலுக்குப் போக எந்தப் பாடத்தில் பட்டம் பெறுவது? நம் விடுதியில் இந்த வழக்கு நடவாத இரவில்லை. இரசாயனப் பொறியியல் மாணவனான என்னிடம், கணிப்பொறிப் படிப்புக் கிடைக்கவில்லையா என்று ஊர்ப் பெரியவர்கள் இன்றும் இரக்கத்தோடு கேட்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்லும் பெயர் ஜான் வான் நியூமன்.

1903இல் புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். தந்தையார் வங்கித் தொழிலில் இருந்தவர். மகனுக்கோ கணிதத்தில் தீராத காதல். கணிதம் சோறு போடுமா என்பது தந்தையாரின் கவலை. நம் வீட்டுக் கவலைதான்! முடிவில் ஒரு சமரசம் ஏற்பட்டது. பெர்லினிலும், 1923 முதல் ஜூரிச்சிலும் இரசாயனம் படிப்பது; புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் கணிதத்துக்கும் பெயரைப் பதிந்துகொண்டு, தேர்வுக்கு மட்டும் ஊர் திரும்புவது. இப்படியே ஜூரிச்சில் இரசாயனப் பொறியியல் பட்டமும், 1926இல் புடாபெஸ்ட்டில் கணித டாக்டர் பட்டமும் பெற்றார். அப்போது வயது 22. கணிப்பொறிக்கென்று ஒரு பட்டப்படிப்பு அன்று உலகில் எங்குமே இல்லை.

பின்னர் அமெரிக்கா சென்று பிரின்ஸ்டனில் பேராசிரியரானார். நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகரோடு சேர்ந்து, விண்மீன்களின் ஈர்ப்பைப் பற்றி 1940களில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். சந்திரசேகருக்கும் கணிதம் படிக்கவே ஆசை. தந்தையார் சொல்லுக்காகப் பௌதிகம் எடுத்தவர் அவர்.

1943 முதல் லாஸ் அலமாஸில் அணுகுண்டு வேலை. (அது எங்கே போய் முடிந்தது என்பதை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது.) வெடியின் அதிர்ச்சி அலை பரவுவதற்குச் சமன்பாடு உண்டு, ஆனால் தாளில் எழுதித் தீர்க்க வழியில்லை. எண்களை இட்டு, அடிமேல் அடியாகக் கணக்கிட்டே விடை காண வேண்டும். குழாய்க்குள் திரவம் சுழன்றோடுவதைக் கணக்கிட முனையும்போது எங்கள் துறையிலும் இதே சங்கடந்தான்.

1944இல் ஒரு ரயிலடியில், இராணுவத்தில் பணியாற்றிய கணித அறிஞர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைச் சந்தித்தார். பிலடெல்பியாவில் எனியாக் என்ற மின்னணுக் கணிப்பொறி உருவாகி வருவதை அவர் வாயிலாக அறிந்ததும், பசித்தவன் பந்தியைக் கண்டதுபோல் அங்கே விரைந்தார். அந்தப் பொறியில் புதிய கணக்கு ஒவ்வொன்றுக்கும் கம்பிகளை மாற்றிச் செருக நாட்கணக்காகும். கட்டளைகளையும் எண்களைப் போலவே நினைவகத்தில் வைத்துவிடலாம் என்ற திட்டத்தை 1945இல் ஓர் அறிக்கையாக எழுதினார். எக்கர்ட், மாக்லி ஆகியோரின் கருத்துகளும் அதில் கலந்திருக்க, அவர் பெயர் மட்டும் அறிக்கையில் நின்றது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1950இல் வானிலை அறிஞர்களோடு சேர்ந்து, எனியாக்கைக் கொண்டு மறுநாள் வானிலையைக் கணக்கிட்டுப் பார்த்தார். 24 மணி நேர வானிலையைக் கணிக்க ஏறத்தாழ 24 மணி நேரமே பிடித்தது. 1957 பிப்ரவரி 8ஆம் நாள், 53ஆம் வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று.