மேரி கியூரி: காமா கதிரும் காப்புச் சுவரும்

ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்த வார்சா நகரில் 1867 நவம்பர் 7 அன்று மேரி கியூரி பிறந்தார். அங்குப் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கல்வி மறுக்கப்பட்டிருந்தமையால், 1891இல் பாரிஸ் சென்று சோர்போனில் இயற்பியலும் கணிதமும் பயின்றார். 1895இல் பியர் கியூரியை மணந்தார். 1898இல் இருவரும் பொலோனியம், ரேடியம் ஆகிய தனிமங்கள் உள்ளதைக் கண்டறிந்தனர். டன் கணக்கான தாதுவைப் பதப்படுத்தி, 1902இல் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடைப் பிரித்தெடுத்தனர். மேரி 1903இல் இயற்பியலுக்கும் 1911இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றார்.

காமா கதிரின் இயல்பு

ரேடியத்திலிருந்து வெளிப்படும் கதிர்களுள் மிகுந்த ஊடுருவல் திறன் கொண்ட ஒன்றை 1900இல் பால் வில்லார் கண்டறிந்தார். அதுவே பின்னர்க் காமா கதிர் எனப் பெயர் பெற்றது. அதற்கு நிறையோ மின்னூட்டமோ இல்லை. ஆல்பா கதிரைத் தடுக்கும் தாளும், பீட்டா கதிரைத் தடுக்கும் அலுமினியத் தகடும் அதற்குத் தடையாவதில்லை. அணுவிலுள்ள எலக்ட்ரானுடன் மோதும்போது அது ஆற்றல் முழுவதையும் இழந்து மறையலாம். ஒரு பகுதியை இழந்து திசைமாறிச் சிதறவும் செய்யலாம். அவ்வாறு விடுபடும் எலக்ட்ரான்கள் செல்லின் மரபணுப் பொருளைச் சிதைக்கின்றன. புற்றுநோய்ச் செல்லை அழிப்பதும், நலமான செல்லுக்குத் தீங்கு செய்வதும் இந்த ஒரே செயல்தான்.

காப்பின்றிக் கழிந்த ஆண்டுகள்

மேரி ரேடியக் குழாய்களைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மேசை அறையிலும் வைத்தார். கண்ணாடியும் துணியும் மரமும் காமா கதிரைத் தடுக்கவில்லை. முதல் உலகப்போரில் எக்ஸ்-கதிர் ஊர்திகளை அமைத்துக் காயமுற்ற வீரர்களுக்கு உதவியபோதும் அவருக்குப் போதிய காப்பு இல்லை. எலும்பு மஜ்ஜை புதிய இரத்த அணுக்களை உருவாக்க இயலாமற்போகும் இரத்தசோகையால் 1934 ஜூலை 4 அன்று, 66ஆம் வயதில் காலமானார். அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகள் இன்றும் ஈயம் பொதிந்த பெட்டிகளில் காக்கப்படுகின்றன.

தடுப்பு செயல்படும் விதம்

ஈயம் அடர்த்தி மிக்கது. அதன் ஓர் அணுவில் 82 எலக்ட்ரான்கள் உள்ளன. கோபால்ட்-60 காமா கதிரைப் பாதியாகக் குறைக்க ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஈயமோ 6 சென்டிமீட்டர் கான்கிரீட்டோ தேவை. அதே தடிமனை மீண்டும் சேர்த்தால் கால் பங்காகும். இவ்வாறு பத்து அடுக்குகள் அமைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறையும். எக்ஸ்-கதிர் அறையில் அணியும் மெல்லிய ஈய மேலங்கி இதற்குப் போதாது. ஆகவேதான் சிகிச்சை அறைக்குத் தடித்த சுவர்கள் எழுப்பப்படுகின்றன. உடன் வந்தோர் வெளியே காத்திருக்க வேண்டியுள்ளது. நோயாளியை உள்ளே தனித்து விடுவது புறக்கணிப்பு அன்று. அவருக்கு வேண்டிய அளவு கணக்கிடப்பட்டது. பிறருக்கு அது தேவையற்றது.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

- வெளியிலிருந்து காமா கதிர் செலுத்தப்படும் சிகிச்சையில் உடலில் கதிரியக்கம் தங்குவதில்லை. வீடு திரும்பியதும் குழந்தையைத் தூக்கலாம். குடும்பத்தாருடன் அமர்ந்து உண்ணலாம்.
- அயோடின்-131 போன்ற மருந்தை உட்கொண்டவரின் உடலிலிருந்து சில நாள்கள் காமா கதிர் வெளிப்படும். மருத்துவமனை குறிப்பிடும் நாள்வரை குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் விலகியிருத்தல் வேண்டும்.
- அருகிலிருக்கும் நேரத்தைக் குறைத்தலும் தொலைவைக் கூட்டுதலும் எளிய காப்புகள். தொலைவு இருமடங்கானால் கதிரின் அளவு ஏறத்தாழ கால் பங்காகும்.
- கருவுற்றிருக்கும் வாய்ப்பு இருப்பின், சிகிச்சைக்கோ ஸ்கேனுக்கோ முன்பே மருத்துவரிடம் தெரிவிக்கவும்.