ஆல்பர்ட் அகஸ்டஸ் போப்

ஆல்பர்ட் அகஸ்டஸ் போப் (மே 20, 1843 - ஆகஸ்ட் 10, 1909) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழிலதிபர் ஆவார். கொலம்பியா என்ற வணிகப் பெயரில் மிதிவண்டிகளைத் தயாரித்து, அந்நாட்டில் மிதிவண்டித் தொழிலை நிலைநிறுத்தியவராக இவர் அறியப்படுகிறார். பொதுச் சாலையில் மிதிவண்டிக்கும் இடமுண்டு என்பதை நிலைநாட்ட நடந்த வழக்குகளுக்கும், ஊர்தோறும் தோன்றிய மிதிவண்டிக் கழகங்களுக்கும், பின்னர் எழுந்த நல்ல சாலைகள் இயக்கத்துக்கும் இவர் பொருளும் உழைப்பும் அளித்தார். வண்டி விற்க வேண்டும் என்ற வணிக நோக்கமும் சாலை எல்லோருக்கும் உரியது என்ற பொதுக் கோரிக்கையும் இவரது வாழ்வில் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. அக்கோரிக்கையால் கிடைத்த சாலைகள் பின்னர் மோட்டார் வண்டிகளின் ஆதிக்கத்துக்கு உள்ளாயின.

இளமை

போப் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை சார்லஸ் போப், தாய் எலிசபெத் பாக்மன் போப். நில வணிகத்தில் ஈடுபட்டிருந்த தந்தை பெரும் இழப்பைச் சந்தித்ததால் குடும்பம் வறுமையில் விழுந்தது. சிறு வயதிலேயே போப் பண்ணை வேலைக்குச் சென்றார், காய்கறி விற்றார். பின்னர் பாஸ்டனின் குவின்சி சந்தையிலும், காலணி செய்வதற்கான பொருள்களை விற்கும் கடையிலும் பணிபுரிந்தார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 ஆம் ஆண்டில், 19 வயதில் மாசச்சூசெட்ஸ் 35 ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்ந்தார். ஆன்டீட்டம், பிரெடரிக்ஸ்பர்க் உள்ளிட்ட போர்களில் பங்கேற்றார். போரின் முடிவில் இவருக்கு லெப்டினன்ட் கர்னல் என்ற மதிப்புப் பதவி வழங்கப்பட்டது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் கர்னல் போப் என்றே அழைக்கப்பட்டார்.

போருக்குப் பின் காலணிப் பொருள் வணிகத்தில் ஈடுபட்டுச் செல்வம் சேர்த்தார். இவருடைய இரட்டைச் சகோதரிகளான எமிலி, அகஸ்டா ஆகிய இருவரும் மருத்துவர்களாகி, பாஸ்டனில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனையில் பணியாற்றினர். 1871 ஆம் ஆண்டில் போப் ஆபி லிண்டரை மணந்தார்.

மிதிவண்டித் தொழில்

1876 ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியில் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த உயர்சக்கர மிதிவண்டிகளைப் போப் கண்டார். முன்சக்கரம் ஆள் உயரத்தை நெருங்கும் அளவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் அமைந்த வண்டிகள் அவை. அடுத்த ஆண்டு தம் வீட்டில் தங்கியிருந்த ஆங்கிலேய விருந்தினர் ஒருவரிடமிருந்து வண்டி ஓட்டக் கற்றார். முதலில் இங்கிலாந்திலிருந்து வண்டிகளை இறக்குமதி செய்து விற்றார்.

1878 ஆம் ஆண்டில் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்டு நகரிலிருந்த வீட் தையல் இயந்திர நிறுவனத்திடம் 50 மிதிவண்டிகளைச் செய்து தருமாறு ஒப்பந்தம் செய்தார். துப்பாக்கி, தையல் இயந்திரம் ஆகியவற்றின் உறுப்புகளை ஒரே அளவில், ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் பொருத்தும் வகையில் செய்யும் திறன் அந்நகரத் தொழிலாளர்களிடம் இருந்தது. அத்திறன் மிதிவண்டிக்கும் பயன்பட்டது. 1890 ஆம் ஆண்டில் வீட் நிறுவனத்தையே போப் வாங்கிவிட்டார்.

காப்புரிமைகளை வாங்கிக் குவிப்பது போப்பின் தொழில் உத்திகளில் முக்கியமானது. பிரான்சிலிருந்து வந்த பியர் லால்மான் 1866 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெற்ற மிதிவண்டிக் காப்புரிமையும் இவர் வசம் வந்தது. பிற உற்பத்தியாளர்களும் இறக்குமதியாளர்களும் இவருக்கு உரிமத் தொகை செலுத்த வேண்டியதாயிற்று. லால்மானோ 1891 ஆம் ஆண்டில் பாஸ்டனில் பெரிதும் அறியப்படாமலேயே இறந்தார்.

கழகங்களும் ஊர்வலங்களும்

வண்டி செய்வதைக் காட்டிலும் அதை ஓட்டும் பழக்கத்தைப் பரப்புவது கடினமாக இருந்தது. உயர்சக்கர வண்டியிலிருந்து விழுந்தால் பலத்த காயம் ஏற்படும். குதிரைகள் மிரள்வதாகவும், நடப்போர் அஞ்சுவதாகவும் புகார்கள் எழுந்தன. பல நகரங்கள் பூங்காக்களிலும் சாலைகளிலும் மிதிவண்டியைத் தடை செய்தன.

இந்நிலையில் உள்ளூர்க் கழகங்களின் பணி முக்கியமானது. 1878 ஆம் ஆண்டில் தொடங்கிய பாஸ்டன் மிதிவண்டிக் கழகம் அமெரிக்காவின் முதல் மிதிவண்டிக் கழகமாகக் கருதப்படுகிறது. 1879 ஆம் ஆண்டு செப்டம்பரில் இதன் உறுப்பினர்கள் பாஸ்டனைச் சுற்றி இரண்டு நாள் கூட்டுப் பயணம் மேற்கொண்டனர். இத்தகைய பயணங்கள் வேடிக்கை பார்க்க வந்த மக்களுக்கு வண்டியைப் பழக்கப்படுத்தின.

1880 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் பல ஊர்க் கழகங்கள் ரோட் ஐலண்டு மாநிலத்தின் நியூபோர்ட்டில் கூடி அமெரிக்க மிதிவண்டியாளர் கழகத்தை நிறுவின. போப்பின் காப்புரிமை வழக்கறிஞரான சார்லஸ் பிராட் அதன் முதல் தலைவரானார். போப் இக்கழகத்துக்குத் தொடர்ந்து ஆதரவளித்தார். 1882 ஆம் ஆண்டில் மிதிவண்டிக்கென இவர் தொடங்கிய இதழுக்கு, பின்னாளில் புகழ்பெற்ற பதிப்பாளரான எஸ். எஸ். மெக்ளூர் ஆசிரியராக இருந்தார். ஓட்டுநர் பயிற்சிக் கூடங்களை அமைத்தல், பரிசுப் போட்டிகளை நடத்துதல் போன்ற வழிகளையும் போப் கையாண்டார். 1896 ஆம் ஆண்டில் இவரது நிறுவனம் நடத்திய சுவரொட்டிப் போட்டியில் ஓவியர் மேக்ஸ்பீல்டு பாரிஷ் வென்றார்.

சாலை உரிமை வழக்குகள்

நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் மிதிவண்டிக்குத் தடை இருந்தது. 1881 ஆம் ஆண்டு ஜூலையில் மூன்று ஓட்டுநர்கள், வழக்குத் தொடுக்க வழி ஏற்பட வேண்டும் என்பதற்காகவே தடையை மீறிப் பூங்காவுக்குள் வண்டி ஓட்டிக் கைதாயினர். வழக்குச் செலவைப் போப் ஏற்றார். நீதிமன்றத்தில் மிதிவண்டியாளர்கள் தோற்றனர். எனினும் கோரிக்கை ஓயவில்லை. கழகத்தினரின் தொடர் முயற்சியால் 1887 ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. குதிரை வண்டிகளுக்குச் சாலையிலும் பூங்காவிலும் உள்ள அதே உரிமை மிதிவண்டிக்கும் உண்டு என அது வகுத்தது.

மிதிவண்டியும் ஒரு வண்டியே என்ற இக்கொள்கை உரிமையோடு கடமையையும் கொண்டுவந்தது. வண்டி என்று ஏற்கப்பட்டால் அதற்கு நடைபாதையில் இடமில்லை. 1889 ஆம் ஆண்டில் இண்டியானா மாநில உச்ச நீதிமன்றம், நடைபாதையில் மிதிவண்டியால் ஒருவர் மோதப்பட்ட வழக்கில் இவ்வாறே தீர்ப்பளித்தது. நடப்போரின் பாதுகாப்பும் மிதிவண்டியாளரின் உரிமையும் இவ்வாறு ஒரே சட்டக் கருத்திலிருந்து பிறந்தன.

நல்ல சாலைகள் இயக்கம்

சட்ட உரிமை கிடைத்தபோதும் ஓட்டுவதற்கு ஏற்ற சாலை இல்லை. அக்காலத்தில் நகருக்கு வெளியே இருந்த சாலைகளில் பெரும்பாலானவை மண் சாலைகளே. மழையில் சேறும் கோடையில் புழுதியுமாக அவை இருந்தன. பல இடங்களில் உள்ளூர் விவசாயிகள் சாலை வரிக்கு ஈடாக ஆண்டுக்குச் சில நாட்கள் தம் கருவிகளைக் கொண்டு பராமரிப்பு வேலை செய்து வந்தனர். பொறியியல் அறிவு அதில் பங்கு பெறவில்லை.

1889 ஆம் ஆண்டில் சிரக்யூஸ் நகரில் குதிரை வண்டி உற்பத்தியாளர்களின் மாநாட்டில் போப் சாலைச் சீரமைப்பைப் பற்றி உரையாற்றினார். சாலை அமைப்பைக் கல்வியாகக் கற்பிக்க மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு நிதி அளித்தார். உடைத்த ஜல்லியை அடுக்கி இறுக்கும் மக்கடம் முறையின் பயனை மக்கள் நேரில் காண, பாஸ்டனின் கொலம்பஸ் அவென்யூவில் ஒரு பகுதி அம்முறையில் அமையவும் உதவினார். மிதிவண்டியாளர் கழகம் 1892 ஆம் ஆண்டில் ஐசக் பாட்டரை ஆசிரியராகக் கொண்டு நல்ல சாலைகள் என்ற பெயரில் ஒரு மாத இதழைத் தொடங்கியது.

விவசாயிகள் முதலில் இவ்வியக்கத்தை ஐயத்துடன் நோக்கினர். நகரத்துச் செல்வர்களின் பொழுதுபோக்குக்காகத் தங்கள் மீது வரிச்சுமை ஏறும் என அஞ்சினர். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் செலவு நல்ல சாலையால் குறையும் என்பதை இயக்கத்தினர் எடுத்துரைத்தனர். 1896 ஆம் ஆண்டில் கிராமப்புற வீடுகளுக்கே அஞ்சல் கொண்டுசெல்லும் திட்டம் தொடங்கியபின் விவசாயிகளின் ஆதரவு பெருகியது. சாலை நன்றாக உள்ள இடங்களுக்கே அஞ்சல் வந்ததே இதற்குக் காரணம்.

தலைநகர் வாஷிங்டனில் சாலைகளுக்கெனத் தனித் துறை அமைய வேண்டும் எனக் கோரும் மனுவைப் போப் நாடெங்கும் அனுப்பிக் கையெழுத்துத் திரட்டினார். சுமார் 1,50,000 கையெழுத்துகள் கொண்ட அம்மனு, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு, பெரும் சக்கர வடிவச் சுருளாக 1893 ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. இச்சுருள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

அதே ஆண்டில் வேளாண்மைத் துறையின் கீழ் சாலை ஆய்வு அலுவலகம் அமைக்கப்பட்டது. அதன் ஆண்டு ஒதுக்கீடு 10,000 டாலர் மட்டுமே. ராய் ஸ்டோன் அதன் தலைவரானார். 1897 ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்சுவிக் நகரில் இவ்வலுவலகம் முதல் மாதிரிச் சாலையை அமைத்தது. இன்றைய கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் தொடக்கம் இச்சிறு அலுவலகமே ஆகும்.

உள்ளூர் அளவிலும் பலன்கள் கிட்டின. 1894 ஆம் ஆண்டு ஜூனில் புரூக்ளினில், ஓஷன் பார்க்வே சாலையை ஒட்டி, மிதிவண்டிக்கென்றே தனிப்பாதை திறக்கப்பட்டது. இது அமெரிக்காவின் முதல் தனி மிதிவண்டிப் பாதையாகக் கருதப்படுகிறது.

கழகத்தின் நிறவேற்றுமை

சம அளவுச் சக்கரங்களும் காற்றடைத்த டயர்களும் கொண்ட பாதுகாப்பு மிதிவண்டி வந்தபின் பெண்களும் முதியோரும் பெருமளவில் வண்டி ஓட்டத் தொடங்கினர். கழகத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 1898 ஆம் ஆண்டில் 1,00,000ஐத் தாண்டியது.

ஆனால் சாலை எல்லோருக்கும் பொது என்று வாதிட்ட இக்கழகம் தன் வாயிலை எல்லோருக்கும் திறந்து வைக்கவில்லை. 1894 ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் கூடிய மாநாட்டில், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதி நிறைவேற்றப்பட்டது. இவ்விதிக்கு முன்பே உறுப்பினராகியிருந்த பாஸ்டனைச் சேர்ந்த கலப்பினப் பெண்ணான கிட்டி நாக்ஸ், 1895 ஆம் ஆண்டில் ஆஸ்பரி பார்க்கில் நடந்த கழகக் கூட்டத்துக்குச் சென்றபோது எதிர்ப்பைச் சந்தித்தார். அவ்விதி 1999 ஆம் ஆண்டில்தான் முறைப்படி கைவிடப்பட்டது.

ஹார்ட்போர்டும் தொழிலாளரும்

1890களின் நடுவில் ஹார்ட்போர்டிலிருந்த போப்பின் தொழிற்சாலைகள் நாட்டின் பெரிய மிதிவண்டி ஆலைகளில் அடங்கும். எஃகுக் குழாய்களை அங்கேயே உருவாக்கியதுடன், பொருள்களின் வலிமையைச் சோதிக்கும் ஆய்வகத்தையும் அமைத்தனர். எனினும் 1895 ஆம் ஆண்டில் ஒரு கொலம்பியா வண்டியின் விலை 100 டாலராக இருந்தது. சாதாரணத் தொழிலாளிக்கு இது எளிதில் எட்டாத விலையாகும்.

தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அருகில் சுமார் 90 ஏக்கர் நிலத்தைப் பூங்காவுக்காகப் போப் நகருக்கு வழங்கினார். ஓல்ம்ஸ்டெட் சகோதரர்களின் நிறுவனம் வடிவமைத்த இது போப் பூங்கா என்று பெயர் பெற்றது. தொழிலாளர்களும் அவர்களது குடும்பத்தினரும் நடக்கவும் இளைப்பாறவும் இது பயன்பட்டது.

மோட்டார் வண்டியும் வீழ்ச்சியும்

1897 ஆம் ஆண்டில் போப்பின் நிறுவனம் ஹைரம் பெர்சி மேக்சிம் உருவாக்கிய மின்சார வண்டியை அறிமுகப்படுத்தியது. அதே காலத்தில் மிதிவண்டிச் சந்தையில் உற்பத்தி மிகுந்து விலை சரிந்தது. 1899 ஆம் ஆண்டில் 40க்கும் மேற்பட்ட உற்பத்தியாளர்களை இணைத்து அமெரிக்க மிதிவண்டி நிறுவனம் என்ற பெருங்கூட்டு உருவானது. அது 1902 ஆம் ஆண்டில் நொடித்தது. மிதிவண்டியாளர் கழகத்தின் உறுப்பினர் எண்ணிக்கையும் அவ்வாண்டில் 10,000க்குக் கீழே சென்றது.

1903 ஆம் ஆண்டில் போப் மீண்டும் நிறுவனப் பொறுப்பேற்று, போப்-ஹார்ட்போர்டு, போப்-டொலீடோ, போப்-வேவர்லி முதலிய பெயர்களில் மோட்டார் வண்டிகளைத் தயாரித்தார். பல ஊர்களில் பல வகை வண்டிகளைச் செய்தது பெருஞ்செலவாயிற்று. 1907 ஆம் ஆண்டு நிதி நெருக்கடியின்போது நிறுவனம் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் பொறுப்புக்குச் சென்றது.

மறைவும் பின்விளைவுகளும்

போப் 1909 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று மாசச்சூசெட்ஸின் கோஹாசெட் என்னுமிடத்திலிருந்த தம் கோடைக்கால இல்லத்தில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் போர்டு நிறுவனத்தின் டி மாதிரிக் கார் விற்பனைக்கு வந்திருந்தது.

1916 ஆம் ஆண்டில் சாலைகளுக்குக் கூட்டாட்சி அரசு தொடர்ந்து நிதி வழங்க வகை செய்யும் சட்டம் நிறைவேறியது. மிதிவண்டியாளர்கள் தொடங்கிய கோரிக்கையின் நிறைவாக இதைக் கொள்ளலாம். ஆயினும் அப்போது சாலையில் கார்களே பெருகிக்கொண்டிருந்தன. 1920களில் பல நகரங்கள், நடப்போர் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே சாலையைக் கடக்க வேண்டும் என விதித்தன. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் 1925 ஆம் ஆண்டு விதிகள் இவற்றுள் முன்மாதிரியாக அமைந்தன. பொதுச் சாலையில் நடப்பவரும் மிதிவண்டியாளரும் மீண்டும் இடம் கேட்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

போப் ஆதரித்த கழகம் பலமுறை செயலிழந்து, 1960களில் புத்துயிர் பெற்றது. 1994 ஆம் ஆண்டில் அதன் பெயர் சற்று மாற்றப்பட்டது. 1956 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் மே மாதம் தேசிய மிதிவண்டி மாதமாகக் கொண்டாடப்படுகிறது. வேலைக்கு மிதிவண்டியில் செல்லும் நாள், கூட்டுப் பயணம், பள்ளிக் குழந்தைகளுக்கான பயிற்சி முதலியன அம்மாதத்தில் ஊர்தோறும் நடைபெறுகின்றன. பாஸ்டனில் நடப்போரும் மிதிவண்டியாளரும் பயன்படுத்தும் ஒரு பாதை பியர் லால்மானின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஹார்ட்போர்டில் போப் வழங்கிய பூங்கா இன்றும் பொதுமக்களின் பயன்பாட்டில் உள்ளது.