ஜார்ஜ் ஈஸ்ட்மன்

கலை பயில்வோர் இருதிறத்தர். ஒருதிறத்தார் பிழைப்பின் பொருட்டுப் பயில்வர்; மற்றொருதிறத்தார் உள்ளத்தின் உவப்பின் பொருட்டுப் பயில்வர். பின்னவரை அமெச்சூர் என்று உலகோர் வழங்குவர். அச்சொல்லைச் சற்றே இளக்காரமாகச் சொல்வாரும் உளர். ஆயின், ஓய்வு நேரத்து விளையாட்டாகத் தோன்றிய விருப்பம் ஒன்று அயரா உழைப்போடு கூடுமாயின், அஃது உலக வழக்கத்தையே மாற்றவல்லது. இவ்வுண்மைக்கு அமெரிக்க நாட்டு ஜார்ஜ் ஈஸ்ட்மனின் வாழ்க்கை தக்கதொரு சான்றாகும். புகைப்படம் எடுத்தலும் சலனப்படம் எடுத்தலும் பொதுமக்கள் கைக்கு எட்டுவதற்குப் பெரிதும் அடிகோலியவர் அவரே.

ஈஸ்ட்மன் 1854-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 12-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தைச் சார்ந்த வாட்டர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் தந்தையார் ராச்செஸ்டர் நகரில் வணிகக் கல்விச்சாலை ஒன்றை நடத்தியவர். 1862-ஆம் ஆண்டில் தந்தையார் காலமானார். அப்பொழுது சிறுவர் ஜார்ஜுக்கு எட்டு வயதும் நிறையவில்லை. அன்னையார் மேரியா அம்மையார், தம் இல்லத்தில் அயலார் சிலரைத் தங்கவைத்து, உணவு சமைத்திட்டு, அவர்கள் அளித்த பொருளைக்கொண்டு மூன்று மக்களையும் வளர்த்தார். மக்களுள் ஒருத்தி இளம்பிள்ளை வாதத்தால் நடக்கவியலாதவள். இந்நிலையில் தாயின் சுமையைத் தாமும் தாங்கவேண்டும் என்று கருதிய ஜார்ஜ், 14-ஆம் வயதில் பள்ளியை விட்டு நீங்கினார். காப்பீட்டு நிலையம் ஒன்றில் வாரம் 3 டாலர் ஊதியத்திற்கு ஏவலாளராக அமர்ந்தார். மாலை வேளைகளில் வீட்டிலிருந்தே கணக்கியல் கற்றார். 1874-ஆம் ஆண்டில் ராச்செஸ்டர் சேமிப்பு வங்கியில் எழுத்தர் பணி கிடைத்தது. வறுமை சற்றே விலகியது.

இருபத்து நான்கு வயதளவில், விடுமுறையில் சான்டோ டொமிங்கோ என்னும் கடல்கடந்த ஊருக்குச் செல்ல ஈஸ்ட்மன் எண்ணினார். கண்ட காட்சிகளைப் புகைப்படமாக எடுத்து வருதல் நலம் என்று உடன் பணிபுரிந்த ஒருவர் உரைத்தார். உடனே கருவிகளை வாங்கினார் ஈஸ்ட்மன். சான்டோ டொமிங்கோப் பயணம் நிகழவே இல்லை. ஆனால், புகைப்படக்கலை அவர் உள்ளத்தைக் கவர்ந்துகொண்டது. உள்ளூர்ப் புகைப்படக்காரர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து அக்கலையை முறையாகக் கற்றார்.

அக்காலத்தில் புகைப்படம் எடுத்தல் எத்துணை அரிய செயல் என்பதை இன்று நம்மால் எண்ணிப் பார்த்தலும் அரிது. கண்ணாடித் தகட்டின்மேல் கொல்லோடியன் என்னும் பசைநீரைப் பூசுதல் வேண்டும். பின்பு அதனை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஒளியை உணரும் தன்மை உடையதாக ஆக்குதல் வேண்டும். தகடு ஈரமாயிருக்கும்பொழுதே காமிராவில் இட்டுப் படம் எடுத்து, ஈரம் புலராமுன்னரே உருவத்தை வெளிப்படுத்துதல் வேண்டும். ஆகவே, வெளியிடங்களில் படம் எடுக்க விரும்புவோர் பெரிய காமிரா, கனத்த முக்காலி, இருட்டறையாகப் பயன்படும் கூடாரம், மருந்துக் குப்பிகள், கண்ணாடித் தொட்டி, நீர்க்குடம் ஆகிய அனைத்தையும் சுமந்து செல்வர். ஒரு படம் எடுக்க ஒரு குதிரைச் சுமை வேண்டியிருந்தது எனலாம்.

இச்சுமையுடன் ஈஸ்ட்மன் ஒருமுறை மாக்கினா என்னும் தீவிற்குச் சென்றார். ஆங்கே இயற்கையாக அமைந்த கல்வளைவு ஒன்றைப் படம் எடுக்க முற்பட்டார். அவர் கூடாரம் அடித்து மருந்துகளைக் கலப்பதைக் கண்ட சுற்றுலாப் பயணியர் சிலர், அவரைத் தொழில்முறைப் புகைப்படக்காரர் என்று கருதினர். தாமும் படத்தில் அமைய விரும்பி, சுடுவெயிலில் அரைமணி நேரம் அசையாது காத்து நின்றனர். படம் எடுத்து முடிந்ததும், அதனை விலைக்குத் தருமாறு கேட்டனர். தாம் படங்களை விற்பவர் அல்லர் என்றும், விருப்பத்தினால் எடுப்பவர் என்றும் ஈஸ்ட்மன் விடையிறுத்தார். அவர்களுள் ஒருவர் சினங்கொண்டார். வெயிலில் தம்மை வீணே நிற்கவைத்த அவர், தாம் அமெச்சூர் என்பதை அறிவிக்கும் பலகை ஒன்றை மாட்டிக்கொள்ளலாகாதா என்று கடிந்து சென்றார். விருப்பத்தினால் படம் எடுப்பவனுக்கு அந்நாளில் இருந்த மதிப்பு அவ்வளவே.

ஈஸ்ட்மன் மனம் தளர்ந்தாரல்லர். சுமையைக் குறைக்கும் வழியை நாடினார். ஆங்கில நாட்டுப் புகைப்பட இதழ் ஒன்றில், ஜெலட்டின் கலவை பூசிய உலர்தகடுகளைப் பற்றிய செய்தியை அவர் படித்தார். அத்தகடுகளை முன்னரே செய்து வைத்துக்கொள்ளலாம். வேண்டும்பொழுது படம் எடுக்கலாம். பின்னர் ஓய்வாக உருவத்தை வெளிப்படுத்தலாம். அவற்றைத் தாமே செய்து பார்க்கத் துணிந்தார். பகலெல்லாம் வங்கியில் கணக்கு எழுதுவார். இரவெல்லாம் அன்னையின் அடுக்களையில் கலவை காய்ச்சுவார். அயர்ச்சி மிகும்பொழுது, உடுத்த உடையோடு அடுப்பின் அருகிலேயே படுத்து உறங்கிவிடுவதும் உண்டு. இவ்வாறு உழைத்து, தகடுகளில் கலவையைச் சீராகப் பூசும் பொறி ஒன்றையும் அமைத்தார். 1879-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர் சென்று அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அடுத்த ஆண்டில் தம் நாட்டிலும் பெற்றார்.

1881-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அன்னையின் இல்லத்தில் தங்கியிருந்த ஹென்றி ஸ்ட்ராங் என்பவரைக் கூட்டாளியாகக் கொண்டு, உலர்தகடு செய்யும் நிறுவனத்தை ஈஸ்ட்மன் நிறுவினார். ஸ்ட்ராங் குதிரைவண்டிச் சாட்டைகள் செய்து விற்றவர். அவ்வாண்டு செப்டம்பரில் ஈஸ்ட்மன் வங்கிப் பணியைத் துறந்தார்.

தொழில் வளர்ந்துவரும் வேளையில் பேரிடர் ஒன்று நேர்ந்தது. 1882-ஆம் ஆண்டில், அவர் விற்ற தகடுகள் ஒளியை உணரும் ஆற்றலை இழந்தன. வணிகர்களிடமிருந்து முறையீடுகள் வந்து குவிந்தன. விற்றது விற்றதே என்று வாளா இருந்திருக்கலாம். அல்லது பழியைப் பிறர்மேல் ஏற்றியிருக்கலாம். ஈஸ்ட்மன் அவ்வாறு செய்திலர். கெட்ட தகடுகளை மீளப் பெற்றுக்கொண்டார். நிறுவனத்தின் கைப்பொருள் பெரும்பாலும் கரைந்தது. பழைய முறைப்படி புதிய கலவை செய்தாலும் பயன் விளையவில்லை. இரவும் பகலும் முயன்றும் காரணம் புலப்படாமையால், அவரும் ஸ்ட்ராங்கும் இங்கிலாந்து சென்றனர். அங்குச் செய்த ஆய்வினால், குற்றம் தம் முறையில் இல்லை என்பதும், வாங்கிய ஜெலட்டினிலேயே உள்ளது என்பதும் தெளிவாயின. திரும்பிவந்து நல்ல ஜெலட்டினைக் கொண்டு தகடு செய்து, இழந்த நம்பிக்கையை மீட்டார். அன்றுமுதல் எப்பொருளையும் ஆராயாமல் அவர் பயன்படுத்தியதில்லை.

ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் மிகச் சிறிய அளவினவே எனினும், அவையே ஒளியுணர்வைப் பெருக்குகின்றன என்பதை 1920-களில் ஈஸ்ட்மன் நிறுவன ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்டு கண்டறிந்தார். மாடுகள் மேயும் கடுகினச் செடிகளிலிருந்து அச்சேர்மங்கள் வந்து சேர்வன. மாடு மேய்ந்த புல்லுக்கும் மனிதன் எடுக்கும் படத்திற்கும் இத்தகைய தொடர்பு உண்டு என்பது வியப்பன்றோ!

உலர்தகடு சுமையைக் குறைத்ததே அன்றி, முற்றும் நீக்கவில்லை. கண்ணாடி கனமுடையது; உடையக்கூடியது. அதனினும் எளிய பொருளை ஈஸ்ட்மன் தேடினார். முதலில் தாளின்மேல் கலவை பூசிச் சுருளாக்கினார். 1888-ஆம் ஆண்டில், அச்சுருளை உள்ளடக்கிய சிறு காமிராவை வெளியிட்டார். அதற்குக் கோடக் என்று பெயரிட்டார். அச்சொல் எம்மொழியிலும் பொருளுடையதன்று, அவரே படைத்தது. அதன் விலை 25 டாலர். 100 படங்கள் எடுத்தபின் காமிராவை அப்படியே ராச்செஸ்டருக்கு அனுப்பிவிடலாம். 10 டாலர் கட்டணத்திற்குப் படங்களை அச்சிட்டு, புதிய சுருளும் பொருத்தித் திருப்பி அனுப்புவர். மருந்தும் இருட்டறையும் படம் எடுப்போனுக்கு வேண்டாதன ஆயின.

அடுத்த ஆண்டில், ரீச்சன்பாக் என்னும் வேதியியலார் துணையால், தாளுக்கு மாறாக ஒளி ஊடுருவும் பிலிம் சுருள் வெளிவந்தது. எடிசனின் உதவியாளர் டிக்சன் அதனை வாங்கி ஆய்வுகளில் பயன்படுத்தினார். நீளமாகவும் வளையக்கூடியதாகவும் இருந்த அச்சுருளே சலனப்படக் கலைக்கு வழிதிறந்தது.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் மறைக்காது கூறுதல் நேர்மையாகும். ஹானிபால் குட்வின் என்னும் சமயப் பணியாளர், இத்தகைய பிலிமுக்கு 1887-ஆம் ஆண்டிலேயே உரிமை கோரி விண்ணப்பித்திருந்தார். 1898-இல்தான் அவருக்குப் பட்டயம் கிடைத்தது. 1900-ஆம் ஆண்டு இறுதியில், பயனை நுகராமலே அவர் மறைந்தார். நெடுநாள் நடந்த வழக்கின் முடிவில், 1914-ஆம் ஆண்டில், அப்பட்டயத்தைப் பெற்றிருந்தோர்க்கு ஈஸ்ட்மன் நிறுவனம் 50 இலட்சம் டாலர் செலுத்தியது. பெரியோர் வாழ்விலும் நிழல் படிந்த பகுதி உண்டு என்பதை நாம் அறிதல் வேண்டும்.

25 டாலர் என்பது அந்நாளில் எளியோர்க்குப் பெருந்தொகை. ஆகவே, 1900-ஆம் ஆண்டில் பிரௌனி என்னும் பெட்டிக் காமிராவை ஈஸ்ட்மன் வெளியிட்டார். அதன் விலை ஒரே டாலர். சுருளின் விலை 15 சென்ட். பள்ளிச் சிறுவரும் சிறுசேமிப்பைக் கொண்டு அதனை வாங்க இயன்றது. 1916-ஆம் ஆண்டில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிற்குச் சென்ற 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பெற்றோர் அத்தகைய காமிரா ஒன்றைக் கொடுத்தனர். அச்சிறுவனே பின்னாளில் மலைகளையும் காடுகளையும் படம் எடுத்துப் பெரும்புகழ் பெற்ற ஆன்செல் ஆடம்ஸ்.

சலனப்படமோ இன்னும் செல்வர்க்கும் தொழிலாளர்க்குமே உரியதாயிருந்தது. அதன் பிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது. வீட்டில் வைத்தற்கு ஏற்றதன்று. எடுத்த படத்தை மற்றொரு சுருளில் மீண்டும் அச்சிடுதலும் வேண்டும். இவ்விடர்களை நீக்கி, 1923-ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் நிறுவனம் 16 மில்லிமீட்டர் பிலிமை வெளியிட்டது. அஃது எளிதில் தீப்பற்றாத அசெட்டேட்டால் ஆனது. ஜான் காப்ஸ்டாஃப் என்பார் வகுத்த முறையால், எடுத்த சுருளையே திரையில் காட்டும் சுருளாக மாற்றவும் முடிந்தது. கைப்பிடியை நொடிக்கு இருமுறை சுழற்றினால் 16 படங்கள் பதியும். 100 அடிச் சுருள் நான்கு நிமிடம் ஓடும். காமிரா, படங்காட்டும் கருவி, முக்காலி, திரை அனைத்தும் சேர்ந்து 335 டாலர். இது சிறுதொகை அன்று; எனினும், குழந்தையின் தளர்நடையையும் முதியோரின் புன்முறுவலையும் குடும்பத்தார் அசையும் படமாகப் பேணும் காலம் அதனால் பிறந்தது. ஈஸ்ட்மனும் 1926-ஆம் ஆண்டில், 70 வயதைக் கடந்தபின், ஆப்பிரிக்கக் காடுகளுக்கு இத்தகைய காமிராவுடன் சென்று விலங்குகளைப் படம் எடுத்து மகிழ்ந்தார். உலகறிந்த தொழிலதிபர் ஆனபின்னும், அவர் உள்ளத்தில் அந்தப் பழைய அமெச்சூர் வாழ்ந்துகொண்டே இருந்தான்.

ஈட்டிய பொருளை அவர் பூட்டிவைத்தாரல்லர். 1912-ஆம் ஆண்டுமுதல் ஊதியத்திற்கு மேலாக ஆதாயப் பங்கும் தொழிலாளர்க்கு வழங்கினார். 1919-ஆம் ஆண்டில் தம் சொந்தப் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியை அவர்களுக்கு அளித்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஸ்மித் என்னும் புனைபெயரில் மறைந்து நின்று வழங்கி, உண்மை வெளிப்பட்டபின்னும் தொடர்ந்தார். அக்கொடையின் மொத்தம் ஏறத்தாழ 2 கோடி டாலர். டஸ்கெகி, ஹாம்ப்டன் என்னும் கறுப்பின மக்களின் கல்விநிலையங்களுக்கும் பெருந்தொகை ஈந்தார். ராச்செஸ்டர் நகரிலும், இலண்டன் முதலிய ஐரோப்பிய நகரங்களிலும் சிறுவர்களுக்குப் பல் மருத்துவ நிலையங்களை நிறுவினார். தாம் நிறுவிய இசைப்பள்ளியின் அரங்கு ஒன்றிற்கு, 1907-இல் மறைந்த அன்னையின் குடும்பப் பெயராகிய கில்போர்ன் என்பதையே சூட்டினார். அடுக்களையில் மகனுக்கு இடம் தந்த அன்னையை மகன் மறக்கவில்லை.

முதுமையில் முதுகெலும்பு நோயால் வருந்திய ஈஸ்ட்மன், 1932-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள், தம் 77-ஆம் வயதில் மறைந்தார். அவர் வாழ்ந்த இல்லம் 1949-ஆம் ஆண்டில் புகைப்பட அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

மாணவர்களே! இன்று கைப்பேசியில் நொடிப்பொழுதில் படம் எடுக்கிறோம். அசையும் படமும் எடுக்கிறோம். பிலிம் சுருளும் பெரும்பாலும் வழக்கொழிந்தது. எனினும், கலை ஒருசிலர்க்கே உரியதன்று, விரும்பும் எல்லோர்க்கும் உரியது என்னும் கருத்து ஒழியவில்லை. சுடுவெயிலில் ஒருவர் கடிந்துரைத்த அமெச்சூர் என்னும் பெயருக்கு நாணாமல், அப்பெயர் உடையார் அனைவர்க்கும் வழிசெய்தவர் ஈஸ்ட்மன். உங்கள் உள்ளத்திலும் ஏதேனும் ஒரு விருப்பம் அரும்புமாயின், அதனை விளையாட்டு என்று இகழ்ந்துவிடாதீர்கள். உழைப்பு என்னும் நீர் ஊற்றி வளர்மின். நேர்மை என்னும் வேலியிட்டுக் காமின்.