மாயூரம் வேதநாயகம் பிள்ளை

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு கத்தோலிக்கக் குடும்பமொன்றிற் பிறந்த வேதநாயகம் பிள்ளை, நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளராயிருந்து முனிசீபாக உயர்ந்தவர்.

அக்காலத்துத் தீர்ப்புகளோ ஆங்கிலத்தில் இருந்தன. வழக்காடிய குடிகளோ தமிழரே. தமக்கு வழங்கப்பட்ட நியாயம் இன்னதென்று அறியாது ஏழை வீடு திரும்புதல் நீதியாகுமா? ஆகாதென்று கண்ட அவர், 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என 1862இல் வெளியிட்டார். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் நாவலிலும், தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழே வழங்கவேண்டுமென வாதாடினார். அதன் தலைவி ஞானாம்பாளை ஆணுடையில் அரசாளவும் வைத்தார். பெண்கல்வி வேண்டிப் 'பெண்மதி மாலை' பாடினார்.

கைக்கூலி வாங்கும் அதிகாரிகளை அவர் 1859ஆம் ஆண்டின் 'நீதிநூலில்' கடிந்துரைத்தார். பிறரைக் கடிதல் எவர்க்கும் எளிது. தாமே அதிகாரியாயிருந்துகொண்டு அவ்வாறு எழுதுதல் தமக்குத் தாமே அளவுகோல் நாட்டிக்கொள்வதாகும். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தமையால், அவ்வளவுகோலுக்கு அவர் குறையவில்லையென அறிகிறோம். 1889இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

தமிழ் கற்று என்ன பயனென்று நம்மைக் கேட்போர் பலர். எளியவன் தன் உரிமையைத் தன் மொழியிலேயே அறியச் செய்தலினும் மேலான பயன் வேறுண்டோ? எழுதுகோலைக் கையிலெடுக்கும் நாம், எழுதியபடி வாழ்ந்த இப்பெரியாரை மறவாதிருப்போமாக.